கிட்டங்கித் தெருவில் சோறு அரிசியான காலம்

பெற்றவர்கள் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கிற காரியமெல்லாம் செய்யாததாகத் திரும்பிப் போகிற வழக்கம் கிட்டங்கித் தெருவில் ஓர் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கியது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டும், பாதி நாள் அதையும் தேடாமல் கட்டிலில் கிடந்துகொண்டும் இருந்த தன் மகன் ராஜதுரைக்குப் பாக்கியத்தாய் தட்டு நிறைய இட்லி வைத்து, சட்னியும் ஊற்றி, தண்ணீர்ச் செம்பையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் நகர்த்தி வைத்தாள். அவன் விரல் பட்டதும் இட்லி அரிசியும் உளுந்துமாகவும், சட்னி தேங்காய்ச் சில்லும் பச்சை மிளகாயுமாகவும் தட்டில் பிரிந்து கிடந்தன. செம்பில் இருந்த தண்ணீர் கிணற்றுக்கே போய்விட்டது. ராஜதுரை கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துவிட்டு, "எம்மா, இன்னும் வேகலபோல" என்றான்.

அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்க இதே கதையாகிவிட்டது. அப்பா தேய்த்து மாட்டிய சட்டை மகன் தோளில் ஏறியதும் கசங்கியது, அம்மா பின்னிய சடை மகள் கண்ணாடி பார்ப்பதற்குள் அவிழ்ந்தது, காற்றடித்துக் கொடுத்த சைக்கிள் டயர் ஏறி உட்கார்ந்ததும் சப்பென்று போனது, குழம்பில் வெந்த கத்தரிக்காய் காம்போடு முழுசாக உருண்டது. தொட்டில் பிள்ளைக்கு ஊட்டிய பருப்புச் சாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளின் டப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீசை அரும்பியவனுக்கும், தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிற வயசு வந்தும் துவைக்காதவளுக்கும்தான் இப்படி ஆனது. கறிக்குழம்பு வைத்த வீட்டில் மட்டும், எங்கே கோழி எழுந்து ஓடிவிடுமோ என்று பயந்தார்கள். அது பச்சைக் கறியோடு நின்றுகொண்டது, அந்தமட்டுக்கு நல்லது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

இது ஏன் வந்தது என்று யாரும் வெகுநாள் யோசிக்கவில்லை. முதலில் பெரிய தெரு டாக்டரிடம் போனார்கள், அவர் தாய்மார்களுக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு இசக்கியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். பொங்கிய பொங்கல் அம்மனுக்கு முன்னால் பொங்கலாக இருந்து, பிள்ளைகள் கைக்கு வந்ததும் அரிசியும் வெல்லமுமாக ஆயிற்று. அதற்குப் பிறகு, வெயில் காலத்தில் தண்ணீர் லாரி வராததைப் பழகிக்கொண்டதுபோல இதையும் பழகிக்கொண்டார்கள். தெருமுனை மெஸ்காரருக்குக் கொஞ்ச நாள் யோகம் அடித்தது. அப்புறம் தெருவுக்குள் ரசம் கொதிக்கிற வாசனையும் ரசம் பொங்கி அடுப்பு அணைகிற வாசனையும் கலந்து வர ஆரம்பித்தன. பையன்கள் மொட்டை மாடியில் பனியனை உள்பக்கம் வெளியே தெரியும்படி காயப் போட்டார்கள், பெண்கள் கேஸ் புக் செய்யவும் பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்களிடம், மாப்பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறாரா என்று கேட்பதை விட்டுவிட்டு, பருப்பை எத்தனை விசிலில் இறக்குவார் என்று கேட்கத் தொடங்கினார்கள். தாய்மார்கள்தான் பாவம். மத்தியான நேரத்தில் வாசல்படியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் பாக்கியத்தாய்க்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. எதிர்வீட்டு ஜெபக்கனியிடம், "என் பிள்ளைக்கு நீ பொங்கு, உன் பிள்ளைக்கு நான் பொங்குதேன்" என்றாள். ஆச்சரியம், சோறு நின்றது. ஒரே வாரத்தில் தெரு முழுக்க மாற்றுச் சோறு வந்துவிட்டது. மூடி போட்ட தூக்குச் சட்டிகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் போயின, பிள்ளைகள் மறுபடியும் கட்டிலுக்குத் திரும்பினார்கள். ஆனால் ஆவணியில் ராஜதுரைக்குக் காய்ச்சல் வந்தது. ஜெபக்கனி கஞ்சி கொண்டுபோனவள், அவன் முனகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணி போட்டு, சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, இரண்டு சொட்டு கண்ணீரும் விட்டுவிட்டாள். மறுநாள் அவள் கஞ்சியும் அரிசியாகிப்போனது. "இப்போ எனக்கு ரெண்டு அம்மா, சோறுதான் இல்ல" என்றான் ராஜதுரை. அவன்தான் அந்தத் தெருவிலேயே முதலில் ஒழுங்காகச் சமையல் கற்றுக்கொண்டவன்.

ஒவ்வொரு வீடாக மாற்றுச் சோறும் திரும்பத் தொடங்கியதும் கிட்டங்கித் தெருவுக்கு விஷயம் பிடிபட்டது. பெற்றதா பெறாததா என்பது இல்லை, பிள்ளை என்று மனசு ஒட்டிவிட்டால் சோறு திரும்பும், ஒட்டாதவரைக்கும் சோறு சோறாக நிற்கும். இது தெரிந்த பிறகு, அதுவரை தட்டில் கிடந்த அரிசியை வெட்கத்தோடு முந்தானையில் மறைத்தவர்கள், நாலு பேர் பார்க்கும்படி வாசலில் உட்கார்ந்து அதைப் புடைத்தார்கள். எல்லார் கண்ணும் மெல்ல மெல்ல உலகம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பியது. ஏனென்றால் உலகம்மாள் வீட்டில் மட்டும் முதல் நாளிலிருந்து சோறு திரும்பவே இல்லை என்றார்கள்.

உலகம்மாள் லாரி டிரைவர் சங்கரபாண்டியின் இரண்டாவது மனைவி. முதல் மனைவி இறந்துபோய், அவள் பெற்ற முத்தரசிக்கு ஆறு வயதாகும்போது ஆலங்குளத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள். முத்தரசி இப்போது காலேஜில் முதல் வருஷம். உலகம்மாளுக்கென்று வேறு பிள்ளை பிறக்கவில்லை. வந்த நாளில் அவள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தபோது, சிறுமி அவளைப் பார்த்தபடியே வாயை இறுக்க மூடிக்கொண்டது. உலகம்மாள் எழுந்து அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் பார்த்தால் பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டிருந்தது. அன்றைக்கு அப்படி அமைந்தது அந்த வீட்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது: சித்தி பரிமாறுவாள், திரும்பிக்கொள்வாள், பிள்ளை தட்டோடு பின்கட்டுக்குப் போகும், தட்டைக் கழுவிக் கொண்டுவந்து கவிழ்க்கும். சித்தி கொடுமைப்படுத்துகிறாள் என்ற சொல் வந்துவிடக் கூடாதே என்று உலகம்மாள் அந்தப் பெண்ணை ஒரு நாளும் அதட்டியதில்லை. அவள் சாப்பிடும்போது எட்டிப் பார்த்ததும் இல்லை.

ஆனி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டில் பாக்கியத்தாய் ஒப்பாரி வைப்பதைக் கேட்டுவிட்டு வந்த உலகம்மாள், சாமி படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, நம்ம வீட்டுக்கு இது வந்துரக் கூடாது" என்று வாய்விட்டு வேண்டினாள். அப்போது அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. மத்தியானம் முத்தரசிக்குப் பரிமாறிவிட்டுத் திரும்பி நின்றாள். முத்தரசி கழுவிய தட்டோடு வந்து, "நல்லாருந்துச்சு சித்தி" என்றாள். உலகம்மாள் சூடம் கொளுத்தினாள். இப்போது நினைத்தால், அந்தச் சூடத்தை அவளுக்கு விழுங்கிவிடலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் தெருவின் சட்டம் தெரிந்த நாளிலிருந்து அவள் தினமும் அந்தச் சோறு திரும்ப வேண்டும் என்று காத்துக் கிடந்தாள். முத்தரசிக்குப் பிடிக்கும் என்று சுண்டவற்றல் குழம்பு வைத்தாள், அரைத்துவிட்ட சாம்பார் வைத்தாள், வெண்டைக்காயை வழுவழுப்பு போக வதக்கி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் தட்டு கழுவித் திரும்பி வந்தது, "நல்லாருந்துச்சு சித்தி" என்ற வார்த்தையும் வந்தது. துணி தேய்த்துத் தரட்டுமா என்றால், "நானே தேச்சுக்கிடுதேன் சித்தி" என்றாள் முத்தரசி. சடை போடவா என்றால், "போட்டுட்டேன் சித்தி." தள்ளி நிற்கிறாள், என்னைத் தள்ளியே வைக்கிறாள் என்று உலகம்மாள் நினைத்தாள். பிறகு, தள்ளி இருப்பது அவளில்லை, நான்தான், சோறு பொய் சொல்லுமா என்றும் நினைத்தாள். பதினோரு வருஷமாக இந்தப் பிள்ளைக்காக எழுந்து, இந்தப் பிள்ளைக்காக உலை வைத்து, காய்ச்சலுக்கும் அம்மைக்கும் கண் முழித்த தன் மனசுக்குள் உண்மையில் ஒன்றுமே இல்லையோ என்ற சந்தேகம் அவளைப் பிடித்துத் தின்றது. வாசலில் அரிசி புடைக்கிற பெண்கள் அவளைக் கண்டதும் முறத்தைச் சத்தம் கேட்கத் தட்டினார்கள்.

இந்தச் சேதி தூத்துக்குடி வரைக்கும் போய்விட்டது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூறலோடு குடையை மடக்கிக்கொண்டு முத்தரசியின் பெரியம்மா ஆவுடைத்தங்கம் வந்து இறங்கினாள். இறந்துபோனவளின் உடன்பிறந்த அக்கா. கெட்டவள் இல்லை, தங்கை பேரைச் சொன்னால் இன்றைக்கும் கண் கலங்கிவிடுவாள். வந்ததும் வராததுமாக முத்தரசியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, தான் சுட்டுக் கொண்டுவந்த அதிரசத்தை அவள் கையில் கொடுத்தாள். அதிரசம் அதிரசமாகவே இருந்தது. பேச வந்த விஷயம் பெரிதாக இருந்ததால் அதை அவள் கவனிக்கவில்லை.

"உலகு, நான் சுத்தி வளைச்சுப் பேச வரல" என்றாள் ஆவுடைத்தங்கம். "நீ நல்லவதான். எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் வைக்கல. ஆனா ஒட்டலேன்னு ஊரே சொல்லுது. அது உன் தப்பும் இல்ல. தாயில்லாத வீட்டுல எதுக்கு அவ கெடக்கணும்? நான் கூட்டிட்டுப் போறேன்."

உலகம்மாள் சங்கரபாண்டிக்குப் போன் போட்டாள். நாக்பூருக்கு அந்தப் பக்கம் எங்கோ லாரி சத்தத்துக்கு நடுவே, "நீயே பாத்து முடிவு பண்ணு உலகு" என்றான் அவன். அதுவும் அவளுக்குச் சாதகமான பேச்சாகத் தெரியவில்லை. முத்தரசியைப் பார்த்தாள். அவள் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போக ஆசைப்படுகிறாள், சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று உலகம்மாள் முடிவு செய்துகொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள். "சாப்ட்டுட்டுப் போகட்டும்."

அறைக்குள் போய் நீல நிறத் துணிப்பையை எடுத்து, அலமாரியிலிருந்த முத்தரசியின் துணிகளை ஒவ்வொன்றாக நீவி மடித்து அடுக்கினாள். பாவாடையும் சுடிதாரும் காலேஜுக்குப் போடுகிற துப்பட்டாவும் வைத்து, பல் துலக்குகிற பிரஷைக்கூட மறக்காமல் ஒரு தாளில் சுற்றி வைத்தாள். ஜிப்பை இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கு எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்ற நினைப்புதான் வந்தது. பிறகு எழுந்து போய்ச் சோறு வடித்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, பெரியம்மாவுக்கு முன்னறையில் பரிமாறிவிட்டு, முத்தரசி தட்டிலும் போட்டு, வழக்கம்போலத் திரும்பிக்கொண்டாள். முத்தரசி வழக்கம்போலத் தட்டோடு பின்கட்டுக்குப் போனாள்.

சுவரைப் பார்த்து நின்றபடி உலகம்மாள் ஒன்றை நினைத்தாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பிள்ளை சாப்பிடுவதை ஒரு தடவைகூடத் தான் பார்த்ததில்லை. எந்தக் கறியை முதலில் எடுப்பாள், எதை ஓரத்தில் ஒதுக்குவாள், ஒன்றும் தெரியாது. இனிப் பார்க்கவும் போவதில்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், போகிற பிள்ளைதானே என்று, அவள் முதல் தடவையாகப் பின்கட்டுக் கதவைத் தள்ளினாள்.

வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் கரி பிடித்த சின்ன ஈயச் சட்டியில் தண்ணீர் கொதித்தது. முத்தரசி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்து எதையோ வழித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் காம்போடு இரண்டு கத்தரிக்காயும், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புளி உருண்டையும், நாலு வெந்தயமும் கிடந்தன. அவள் சட்டியில் போட்டது அரிசி.

உலகம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன நாளா முத்து?"

முத்தரசி திடுக்கிட்டுத் திரும்பி, தட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்து, அது முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள். "மொத நாள்ளருந்தே சித்தி."

"அன்னைலருந்து ஒவ்வொரு வேளையுமா?"

"டப்பாச் சோறு காலேஜ்ல அரிசியாயிரும். அத ராத்திரிக்கு வச்சுக்கிடுவேன். ஆரம்பத்துல கருகிக் கருகிப் போச்சு, இப்போ நல்லா வருது." சட்டியைக் கிளறிவிட்டு, "நீங்க தேச்சுக் குடுத்தாலும் கசங்கிருமேன்னுதான் நானே தேச்சேன்" என்றாள்.

"சொல்லிருக்கலாம்லட்டி. ஏன் சொல்லல?"

ஏட்டி என்றும் வாட்டி என்றும் தெருவில் எல்லாரும் பெற்ற பிள்ளைகளைக் கூப்பிடுகிற அந்த 'ட்டி' உலகம்மாள் வாயிலிருந்து அவளைப் பார்த்து வந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

"நீங்கதான சாமிகிட்ட வேண்டுனீங்க, நம்ம வீட்டுக்கு இது வந்துரக் கூடாதுன்னு" என்றாள் முத்தரசி. "வந்துட்டுன்னு சொன்னா பாக்கியத்தாய் அத்தை மாதிரி மனசு விட்டுப் போயி உக்காந்துருவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாரும் பேச ஆரம்பிச்சப்போ சொல்லலாம்னு பாத்தேன். இத்தன நாளா ஏமாத்திட்டேன்னு நீங்க நெனச்சிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு. சொல்லச் சொல்லத் தள்ளிப் போயிருச்சு."

உலகம்மாள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தான் திரும்பிக்கொண்ட ஒவ்வொரு வேளையும் முதுகுக்குப் பின்னால் இந்தப் பிள்ளை ஒரு உலை வைத்து இறக்கியிருக்கிறது. அடுப்பு மூட்டவும், புளி கரைக்கவும், உப்புப் பார்க்கவும், யாரும் சொல்லித் தராமல், சித்தி மனசு நோகக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டையும் அவள் தடுக்கவில்லை. அப்புறம் எழுந்து, சட்டியில் போட்டது போகத் தட்டில் மிச்சமிருந்த அரிசியை அந்தத் தட்டோடு எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், கை கழுவிக்கொண்டிருந்த ஆவுடைத்தங்கத்தின் முன்னால் வைத்தாள்.

"என்ன இது?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"நான் முத்துவுக்குப் போட்ட சோறுக்கா."

ஆவுடைத்தங்கம் ஈரக் கையோடு அரிசியைத் தொட்டுப் பார்த்தாள், கத்தரிக்காயை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை. ஆனால் பஸ் ஏறி வந்தவள் அவ்வளவு லேசில் விட்டுக் கொடுப்பாளா. "சரி, ஒட்டிருக்கு, இல்லேங்கல. ஆனா இப்போ பொங்கிப் போட முடியாது, துணி மடிச்சுத் தர முடியாது. பின்ன நீ இவளுக்கு என்னத்துக்குத்தான் ஆவ?"

"ஒண்ணுக்கும் ஆக மாட்டேன்க்கா" என்றாள் உலகம்மாள். அதைச் சொன்னபோது அவள் குரல் வாசலைத் தாண்டித் தெருவுக்குக் கேட்டது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாக்கியத்தாய் முறத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்து படியருகே நின்றாள். "என்னால இவளுக்கு ஒரு காரியம் நடக்காது. நான் ஒண்ணுக்குமே ஆக மாட்டேன்."

பெரியம்மா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பேசிட்டே இருந்தா பஸ் போயிரும். ஏட்டி முத்து, நீ சொல்லு. வாரியா இல்லையா? வாரேன்னா பையத் தூக்கு."

முத்தரசி கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய் நீலப் பையின் பிடியில் கை வைத்தாள். ஜிப் தானாகத் திறந்தது. சுடிதார்கள் மடிப்புக் கலையாமல் ஒவ்வொன்றாக எழுந்து அலமாரித் தட்டுக்குப் போய் உட்கார்ந்தன, பாவாடை அதன் இடத்துக்குப் போனது, துப்பட்டா கொடியில் ஏறிக்கொண்டது, தாளைக் கழற்றிப் போட்டுவிட்டு பிரஷ் குளியலறை மாடத்துக்குப் போனது. எதுவும் அவசரப்படவில்லை. உலகம்மாளும் ஆவுடைத்தங்கமும் நிலையின் இரண்டு பக்கமும் நின்று கடைசித் துணி போய் அடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை காலியாகத் தரையில் கிடந்தது.

ஆவுடைத்தங்கம் நெடுமூச்சு விட்டாள். அவளும் பிள்ளை பெற்றவள்தான். "இவ அடுக்குனா நிக்காதுபோல" என்றாள் முத்தரசியிடம், இந்தத் தடவை மெல்ல. "நீயா எடுத்து வச்சாத்தான் உண்டு. வைக்கியா?"

முத்தரசி காலிப் பையை எடுத்துத் தட்டி, நாலாக மடித்து, அலமாரிக்கு மேலே வைத்தாள்.

"எனக்குப் போகணும்னு தோணுத அன்னைக்கு நானே எடுத்து வச்சுக்கிடுதேன் பெரியம்மா."

அந்த நாள் வரும் என்பது உலகம்மாளுக்கு அப்போதே தெரிந்தது. அது தூத்துக்குடிக்காக இருக்காது, வேலைக்கோ கல்யாணத்துக்கோ, இல்லை சும்மா போகத் தோன்றியோ இருக்கும். அன்றைக்கும் துணிகளை இந்தப் பிள்ளைதான் மடிக்கும், தான் பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஒரு கைக்குட்டைகூட எடுத்து வைக்க முடியாது. அவள் நகரவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.